கடன் கொப்பியும் கடவுச்சீட்டும்: கொத்மலையிலிருந்து பிரித்தானிய ஜனநாயகத்தைப் பார்த்தல்

2025 ஆகஸ்டில் ஒரு இரவு, லண்டனில் இருக்கும் தங்கச்சியின் மகன் தொலைபேசியில் அழைத்தான். குரலில் பதற்றம் தெரிந்தது. "மாமா, இங்க ஒரு அட்டையப் பிடிச்சிக்கிட்டு சும்மா கதிரையில உக்காந்திருந்த வயசான பொம்புளயொருத்தர பொலிஸ் தூக்கிட்டுப் போறாங்க. பயங்கரவாதச் சட்டமாம். இது இங்கிலாந்து என்டு நம்பவே ஏலாம இருக்கு" என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். ஜூலை மாதத்தில் பிரித்தானிய அரசாங்கம் 'பலஸ்தீன் அக்ஷன்' என்ற அமைப்பைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அந்த அமைப்பை ஆதரிப்பதாக எழுதிய அட்டையைக் கையில் வைத்திருப்பதும் அதனால் குற்றமாயிற்று. ஆகஸ்ட் 9ஆம் திகதி பாராளுமன்றச் சதுக்கத்தில் மட்டும் 500 பேருக்கு மேல் கைதானார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள்.

நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன்: "மகன், மார்ச் மாசம் கொழும்புல நடந்தது ஞாபகம் இல்லையா?" இஸ்ரேலுக்கு எதிரான ஒரு ஸ்டிக்கரை ஒட்டியதற்காக இருபத்திரண்டு வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார். அந்தச் சட்டத்தை நீக்குவதாக வாக்களித்துப் பதவிக்கு வந்த அரசாங்கம்தான் அப்போது ஆட்சியில் இருந்தது.

கொழும்பில் ஸ்டிக்கர், லண்டனில் அட்டை. இடையில் நாலு மாதம்தான். இது தற்செயலா? இல்லை என்பது என் எண்ணம். பிரித்தானிய ஜனநாயகம் தேய்ந்து வருவதாக அங்குள்ள இடதுசாரிகள் பல வருடமாக எழுதி வருகிறார்கள். அந்த வாதத்தைக் கொத்மலையில் இருந்துகொண்டு வாசிக்கும்போது, 'இந்தக் கதையை நாங்கள் முதலிலேயே வாசித்துவிட்டோமே' என்று தோன்றுகிறது. அது ஏன் என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்பாவின் கடன் கொப்பி

வாப்பாவின் வாப்பாவை நாங்கள் 'அப்பா' என்போம். பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தின் ஓரத்தில் அவருக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், வெற்றிலை பாக்கு. லயத்துச் சனம் சம்பளம் வரும் வரை கடனுக்கு வாங்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, திகதி போட்டு எழுதிய நீட்டுக் கொப்பிகளில் இரண்டு இன்னும் எங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கின்றன.

1949க்குப் பிறகு அந்தக் கொப்பிகளைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்களாம். "மொதலாளி, நாங்க பத்து வருசமா இங்கதான் இருக்கோம்னு ஒங்க கணக்குல இருக்குமே, அதக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று கேட்டு வருவார்களாம். அப்பா தேடித் தேடிக் கொடுத்தார். விசாரணைக்குப் போன ஒரு குடும்பத்துடன் தானே கொப்பியைச் சுமந்துகொண்டு போனார். விசாரித்த அதிகாரி ஒரு பக்கத்தைக் கூடப் புரட்டவில்லை. "கடைக் கணக்கெல்லாம் அத்தாட்சி இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எட்டணாக் கடனுக்கு ஒருவரைப் பொறுப்பாக்க அந்தக் கொப்பி போதும். அவர் இந்த நாட்டில் வாழ்ந்தார் என்று காட்டப் போதாது. அப்பா இந்தக் கதையை வாப்பாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். முடிவில் ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்வாராம்: "நல்ல காலம், அந்தச் சட்டம் நம்மட ஆக்களுக்கு இல்ல." அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு வருகிறேன்.

ஒரு துரையும் ஒரு தேசாதிபதியும்

அதற்கு முன் 1937க்குப் போக வேண்டும். கொத்மலைக்குப் பக்கத்து நகரமான நாவலப்பிட்டியில் அந்த வருடம் ஏப்ரல் 3ஆம் திகதி லங்கா சமசமாஜக் கட்சி ஒரு கூட்டம் நடத்தியது. இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய வந்திருந்தார். அந்த மேடையில் ஒரு வெள்ளைக்காரரும் ஏறினார். பெயர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். லண்டனில் பிறந்து, அவுஸ்திரேலியாவில் வளர்ந்து, மடுல்கலைப் பக்கத் தோட்டமொன்றில் துரைத்தொழில் பழக வந்தவர். தொழிலாளர்களைத் துரைமார் எப்படி நடத்துகிறார்கள் என்று துரைமாருக்கு எதிராகவே பேசினார்.

தோட்டக்காரர்கள் கொதித்தார்கள். தேசாதிபதி ஸ்டப்ஸ், பிரேஸ்கேர்டில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டார். கொடுத்த அவகாசம் இரண்டு நாள். அவர் கப்பலேறாமல் தலைமறைவானார், பின்னர் கைதானார். வழக்கு உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. எச்.வி. பெரேரா வாதாடினார். மே 18ஆம் திகதி பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ் உள்ளிட்ட மூன்று நீதியரசர்கள் அவரை விடுதலை செய்தார்கள். பேசினார் என்பதற்காக ஒருவரை, அதுவும் சமாதான காலத்தில், நாடுகடத்தத் தேசாதிபதிக்கு அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிமை நாட்டில், வாக்கெடுத்துத் தெரிவு செய்யப்படாத தேசாதிபதியைச் சட்டம் தடுத்தது. பதினொரு வருடத்துக்குப் பிறகு, சுதந்திர நாட்டில், மக்கள் தெரிவு செய்த பாராளுமன்றம் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியபோது சட்டத்தால் தடுக்க முடியவில்லை.

சட்டம் எப்படி வேலை செய்தது

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை ஆகியோர் வென்றவர்களில் அடங்குவர். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. டி.எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கத்துக்கு இரண்டுமே தலைவலி.

தீர்வு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமாக வந்தது. அதில் 'இந்தியத் தமிழர்' என்ற சொல்லே இல்லை. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. லயத்தில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழை யார் எழுதி வைத்தார்கள்?

அடுத்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். 1946க்கு முன் தொடர்ச்சியாக, மணமுடித்தவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் இங்கே வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். எங்கள் கடைக் கொப்பியைத் தேடி வந்தது இதற்குத்தான். ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. விசாரித்து முடித்தபோது, பதிவு கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மூன்றாவதாக 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜையல்லாதவரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸுக்கு ஒரு ஆசனமும் இல்லை. வேட்பாளர்கள் தோட்டத்து ரோட்டில் ஏறுவதையே நிறுத்திவிட்டார்கள் என்று வாப்பா சொல்வார்.

நீதிமன்றம் போனார்கள். கோடகன் பிள்ளை என்பவரின் வழக்கு லண்டனில் உள்ள கோமறைக் கழகம் வரை சென்றது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் இயற்றுவதைத் தடுத்தது. ஆனால், யார் பிரஜை என்று வரையறுப்பது எந்தப் பாராளுமன்றத்துக்கும் உரிய இயல்பான அதிகாரம் என்று 1953இல் தீர்ப்பாயிற்று. சட்டத்தின் சொல்லில் பாகுபாடு இல்லை, அதன் விளைவில்தான் இருந்தது. சொல்லைப் பார்த்தவர்கள் விளைவைப் பார்க்கவில்லை.

பின்னர் 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். போகிறவர்களில் யாரையும் கேட்கவில்லை. அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். நாடற்ற நிலைக்குச் சட்டப்படி முடிவு கட்ட 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தேவைப்பட்டன. அரை நூற்றாண்டுக்கும் மேல்.

ஆயுதம் உறைக்குள் திரும்புவதில்லை

எதேச்சாதிகாரம் என்றால் டாங்கியும் இராணுவச் சதியும்தான் நமக்கு ஞாபகம் வரும். இலங்கையில் அது அப்படி வரவில்லை. சட்டமூலமாக வந்தது, கை உயர்த்தி நிறைவேற்றப்பட்டது, பலவீனமானவரிடம் முதலில் பரீட்சிக்கப்பட்டது. பிறகு மற்றவர்களிடம் வந்தது.

1947 ஜூனில் பொது வேலைநிறுத்தத்தின்போது கந்தசாமி என்ற அரசாங்க எழுதுவினைஞர் பொலிஸ் சூட்டில் இறந்தார். அந்த நாட்களிலேயே ஆங்கிலேயர் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சுதந்திர இலங்கையின் ஒவ்வொரு அவசரகால நிலையும் அந்தச் சட்டத்தின் மேல்தான் நின்றது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கும் ஒரு பிரித்தானிய முன்மாதிரி உண்டு: பேர்மிங்ஹாம் குண்டுவெடிப்புக்குப் பிறகு 1974இல் ஐரிஷ்காரரை நோக்கி இயற்றப்பட்ட சட்டம். இரண்டுமே தலைப்பில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று சொல்லிக்கொண்டன. நம்முடையது மூன்று வருடத்துக்கென்று வந்தது, 1982இல் நிரந்தரமானது.

முதலில் வடக்கின் தமிழ் இளைஞர், அடுத்துத் தெற்கின் சிங்கள இளைஞர், 2019க்குப் பிறகு நாங்கள். 2020 ஏப்ரலில் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் கைதானார். மே மாதம் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதிக்காக அஹ்னாப் ஜசீம் கைதானார். கவிதை வாசிக்கத் தெரியாதவர்கள் கவிதையில் தீவிரவாதம் கண்டார்கள். பிணை கிடைக்க அவருக்கு 2021 டிசம்பர் வரை ஆயிற்று. அதே காலத்தில்தான் நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் நல்லடக்கத்தை அனுமதித்திருந்தும் ஒரு வர்த்தமானி போதுமாக இருந்தது. 2021 பெப்ரவரி இறுதியில் அது திருத்தப்பட்ட பிறகே ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது.

இடதுசாரிகளையும் இந்த இடத்தில் விட்டுவிட முடியாது. 1948இல் என்.எம். பெரேராவும் அவரது தோழர்களும் பிரஜாவுரிமைச் சட்டமூலத்தை எதிர்த்துப் பேசினார்கள். ஆனால் 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அதே என்.எம். பெரேரா நிதி அமைச்சர். 29ஆவது பிரிவு இல்லாத 1972 அரசியலமைப்பை வரைந்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. அதே அரசியலமைப்பு அப்போதைய பாராளுமன்றத்தின் ஆயுளையும் இரண்டு வருடம் நீட்டியது. பத்து வருடம் கழித்து ஜே.ஆர். ஜயவர்தன அதைவிடப் பெரிதாகச் செய்தார். 1977இல் 51 சதவீதத்தை ஒட்டிய வாக்குக்கு 168இல் 140 ஆசனங்கள் அவருக்குக் கிடைத்தன. 1980இல் சிறிமாவோவின் குடியியல் உரிமையைப் பறித்தார். 1982 டிசம்பர் 22இல் விளக்குக்கும் பானைக்கும் இடையே ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைத்து, பொதுத் தேர்தலே இல்லாமல் பாராளுமன்றத்தை ஆறு வருடம் நீட்டினார். வழியைக் காட்டியவர்கள் இடதுசாரிகள், அதில் லொறி ஓட்டியவர் ஜே.ஆர்.

லண்டனில் இடதுசாரிகள் சொல்வது என்ன

இப்போது பிரித்தானியாவுக்கு வருவோம். அங்குள்ள இடதுசாரி விமர்சனத்தின் வேரில் இருவரைக் குறிப்பிடுவேன். ஒருவர் ஜமேய்க்காவில் பிறந்த ஸ்டுவர்ட் ஹோல். மார்கரெட் தட்சர் பதவிக்கு வருவதற்குச் சில மாதம் முன்பே, வரப்போவது வெறும் அரசாங்க மாற்றம் அல்ல என்று எழுதினார். குற்றம், வேலைநிறுத்தம், குடியேறிகள் என்று மக்களின் பயத்தைத் திரட்டி, மக்களின் சம்மதத்தோடேயே அரசின் கையை இறுக்கும் அரசியல் அது என்பது அவர் கருத்து. தேர்தல் இருக்கும், பத்திரிகை இருக்கும், ஆனால் கடுமையைக் கேட்பவர்கள் மக்களாகவே இருப்பார்கள்.

மற்றவர் நம்மவர். ஏ. சிவானந்தன், யாழ்ப்பாண வேருள்ளவர், மலைநாட்டில் கொஞ்சக் காலம் ஆசிரியராக இருந்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு லண்டன் போனார். போய் இறங்கிய வருடமே அங்கு நொட்டிங் ஹில் கலவரம். லண்டனின் இனத்தொடர்பு ஆய்வு நிறுவனத்தை நீண்ட காலம் நடத்தி, 2018இல் காலமானார். குடியேறியவரிடம் அரசு எதைச் செய்கிறதோ அது நாளை எல்லாரிடமும் வரும் என்பதை வாழ்நாள் முழுதும் எழுதினார்.

அந்த எச்சரிக்கைக்கு இன்று கிடைக்கும் சான்றுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019இல் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் பாராளுமன்றத்தை ஐந்து வாரம் ஒத்திவைத்தார். உயர்நீதிமன்றத்தின் 11 நீதியரசர்களும் ஒருமித்து அது சட்டவிரோதம் என்றார்கள். (2018இல் மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்ததையும், நமது ஏழு நீதியரசர்கள் ஒருமித்து அதை நிராகரித்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள்.) 2022ஆம் ஆண்டின் பொலிஸ் சட்டம், ஆர்ப்பாட்டத்தில் எழும் சத்தத்துக்கே கட்டுப்பாடு விதிக்க இடம் கொடுத்தது. 2023 மேயில் வந்த பொது ஒழுங்குச் சட்டத்தின் மை காயுமுன், மன்னரின் முடிசூட்டு நாளில் மன்னராட்சி எதிர்ப்பாளர் ஆறு பேர் அட்டைகளோடு நின்ற இடத்திலேயே கைதாகி, பிறகு குற்றச்சாட்டின்றி விடுவிக்கப்பட்டார்கள். வாக்களிக்கப் புகைப்பட அடையாளம் கட்டாயமானது. முதியவரின் பஸ் பாஸ் செல்லும், இளைஞரின் பயண அட்டை செல்லாது. ருவாண்டா பாதுகாப்பான நாடு அல்ல என்று உயர்நீதிமன்றம் 2023இல் தீர்ப்புச் சொன்னது. அது பாதுகாப்பான நாடுதான் என்று 2024இல் பாராளுமன்றம் ஒரு சட்டமே போட்டது.

இதெல்லாம் பழைமைவாதக் கட்சியின் வேலை என்று ஆறுதல்படவும் முடியாது. 2024இல் மூன்றில் ஒரு பங்கு வாக்கோடு 650இல் 411 ஆசனங்களை வென்ற தொழிற்கட்சி ருவாண்டாத் திட்டத்தைக் கைவிட்டது, ஆனால் ஆர்ப்பாட்டச் சட்டங்களை வைத்துக்கொண்டது. என் மருமகன் கண்ட அந்த முதிய பெண்ணைக் கைது செய்தது தொழிற்கட்சியின் ஆட்சிதான்.

கடவுச்சீட்டு

ஆயினும் என் மனதில் அதிகம் தைப்பது பிரஜாவுரிமைதான். லண்டனில் பிறந்த ஷமீமா பேகம் 15 வயதில், 2015இல், சிரியா போனார். போன இடம் தவறானது, அதில் மறுபேச்சில்லை. 2019இல் அகதி முகாமில் கண்டுபிடிக்கப்பட்டபோது அவருக்கு 19 வயது. அப்போதைய உள்துறை அமைச்சர் சாஜித் ஜாவித், பாகிஸ்தானிலிருந்து வந்த பஸ் சாரதி ஒருவரின் மகன், அவரது பிரஜாவுரிமையைப் பறித்தார். பெற்றோர் வழியில் பங்களாதேஷ் பிரஜை என்று வாதம். அவர் எங்கள் பிரஜை அல்ல என்றது பங்களாதேஷ். நீதிமன்றங்கள் அமைச்சரின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டன.

குற்றம் செய்திருந்தால் விசாரித்துத் தண்டிக்கலாம். விசாரிக்காமல் 'நீ எங்கள் ஆளே இல்லை' என்பது வேறு. 'உனக்கு வேறு ஊர் இருக்கிறது' என்ற வார்த்தையைப் பூண்டுலோயா லயத்துச் சனம் 1948இலேயே கேட்டுவிட்டது. 2022இல் இயற்றப்பட்ட குடியுரிமை, எல்லைகள் சட்டம் இன்னொரு படி ஏறியது. சில சந்தர்ப்பங்களில் முன்னறிவித்தல் கொடுக்காமலே பிரஜாவுரிமையைப் பறிக்கலாம். பெற்றோர் பிற நாட்டவராக உள்ள பிள்ளைக்குத்தான் இந்தப் பயம். பரம்பரை ஆங்கிலேயருக்கு வேறு நாடு காட்ட முடியாது. ஆகவே சட்டத்தில் 'முஸ்லிம்' என்ற சொல் இல்லாவிட்டாலும், அது எந்த வீட்டுக் கதவைத் தட்டும் என்று எல்லாருக்கும் தெரியும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'இந்தியத் தமிழர்' என்ற சொல் இல்லாதது போலத்தான்.

வித்தியாசமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பிரித்தானியாவில் பறிபோவது தனியாட்களின் பிரஜாவுரிமை, நம் நாட்டில் போனது ஒரு சமூகத்தினுடையது. அங்கே நீதிமன்றமும் பத்திரிகையும் இன்னும் நின்று பிடிக்கின்றன. ஆனால் அளவு வேறு என்பதற்காக வழி வேறாகிவிடாது.

'நம்மட ஆக்களுக்கு இல்ல'

அப்பாவின் கடைசி வார்த்தைக்குத் திரும்புகிறேன். அவர் கெட்டவர் அல்ல. கொப்பியைச் சுமந்துகொண்டு போனவர். ஆனால் சட்டம் நம்மைத் தொடாது என்ற நிம்மதி அவருக்கு இருந்தது. அது அவருக்கு மட்டும் இருந்த நிம்மதியும் அல்ல. 1948 அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்தவர் நம் பெருமைக்குரிய டி.பி. ஜாயா. அடுத்த சட்டமூலம் வந்தபோது அமைச்சர் சுந்தரலிங்கம் பதவியை விட்டார், ஜாயா இருந்தார். மறுபக்கத்தில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் தலைவர்களில் ஒருவரான அப்துல் அசீஸ் அந்தத் தொழிலாளருக்காகவே வாழ்ந்தார். இரண்டு பேரும் நம்மவர்கள். ஜாயாவை நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அசீஸை ஹபுகஸ்தலாவையில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

எழுபது வருடம் கழித்து நமது ஜனாஸாக்கள் எரிந்தபோது, 'அவங்க பிரச்சினை' என்று இருந்தவர்களைப் பார்த்து நாம் கோபப்பட்டோம். அந்தக் கோபம் நியாயம். ஆனால் ஒப்பாரிக் கோச்சி புறப்பட்டபோது மேடையில் நின்று பார்த்த நமது கண்களையும் அந்தக் கோபம் கேள்வி கேட்க வேண்டும்.

மருமகன் போன வாரம் திரும்பவும் பேசினான். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வீட்டு வாடகை ரசீது, பாடசாலைக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு வைக்கிறானாம். "சும்மா, ஒரு பாதுகாப்புக்கு மாமா" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அலுமாரியைத் திறந்து அந்த நீட்டுக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் பதினோரு வருடக் கணக்கு இருக்கிறது. கடைசி வரியில் அப்பாவின் கையெழுத்தில் 'கணக்குத் தீர்ந்தது, இந்தியா போய்விட்டார்கள்' என்று எழுதியிருக்கிறது.

கடனைக் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.